விசிறி நின்ற பொறி

கொசுக் கணக்கெடுப்புக்காக ராத்திரி வீட்டுக்குள் தொங்கவிட்ட, விளக்கால் கொசுவை ஈர்த்து விசிறியால் வலைப்பைக்குள் இழுக்கும் பொறி. விடிகாலையில் போய்ப் பார்த்தால் அதன் விளக்கு அணைந்து, விசிறி நின்று, வலைப்பையில் ரெண்டே ரெண்டு கொசு.

தயவுசெய்து அந்த வீட்டில் கொசு குறைவு என்று எழுதிவிடாதீர்கள். பேட்டரி ராத்திரியிலேயே இறங்கியிருக்கும். விசிறி நின்றால் சிக்கிய கொசுவும் மேலேறித் தப்பிவிடும். அந்த இரவைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஒடிசாவின் கோராபுட் மலைக் கிராமங்களில் மின்சாரத்தை நம்ப முடியாது. 6 வோல்ட் பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றி, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே தூக்கிப் போக வேண்டும்.

கொசுவலைக்குள் ஆள் தூங்க, கால்மாட்டில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பொறி. மாலை 6 முதல் காலை 6 வரை.

தொங்கும் கயிற்றில் கிரீஸ் தடவுங்கள். எறும்பு இறங்கினால் காலும் இறக்கையும்தான் மிஞ்சும்.

காலையில் முதலில் பையின் வாயைக் கட்டுங்கள், அப்புறம்தான் வயரைக் கழற்ற வேண்டும்.

பிடித்த கொசுவைப் பத்திரப்படுத்தும் குப்பியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் கொசு. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பிறகு இறக்கைப் புள்ளிகளைப் பார்த்து இனம் பிரிக்க முடியாது.

ஓடையோர வீடுகளை ஏற்றத்துக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். அங்கே மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் கொசு முட்டையிடுவது மெல்ல ஓடும் ஓடைத் தண்ணீரில்தான்.