மார்ச் மாதத்துக் கணக்கு

வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் வேலை பார்த்த காலத்தில் மார்ச் மாதம் எனக்கு லீவு கிடைத்ததே இல்லை. ரோஹிங்கியா அகதிகளுக்கான கூட்டு உதவித் திட்டம் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வெளியாகும். வங்கதேச அரசு, ஐ.நா. அகதிகள் ஆணையம், புலம்பெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பு, அப்புறம் நூற்றுக்கு மேற்பட்ட தொண்டு நிறுவனங்கள் எல்லாம் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, கடைசியில் "இந்த ஆண்டு இவ்வளவு பணம் வேண்டும்" என்று உலகத்திடம் ஒன்றாகக் கேட்கும் ஆவணம் அது. நான் இருந்தது நடுத்தர அளவிலான ஒரு தொண்டு நிறுவனத்தில். நன்கொடையாளர் தொடர்பு என் பொறுப்பு. முகாமில் நடப்பதை டாக்காவில் இருக்கும் தூதரக அதிகாரிக்கும், ஐரோப்பாவில் எங்கோ இருந்து மாதம் பத்து யூரோ அனுப்பும் ஓய்வுபெற்ற டீச்சருக்கும் விளங்குகிற மாதிரி எழுத வேண்டும். பணம் கேட்க வேண்டும். வந்த பணத்துக்குக் கணக்கும் சொல்ல வேண்டும்.

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரின் ரக்கைன் மாநிலத்தில் ராணுவம் நடத்திய வெறியாட்டத்தில் சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் எல்லையைத் தாண்டி வங்கதேசத்துக்கு ஓடி வந்தார்கள். 1978இலும் 1991-92இலும் வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் உகியா, டெக்னாஃப் என்ற இரண்டு வட்டங்களில் உள்ள குன்றுகளின் மேல் வாழ்கிறார்கள். இது தற்காலிக ஏற்பாடு, இவர்கள் திரும்பிப் போக வேண்டியவர்கள் என்பது வங்கதேச அரசின் நிலைப்பாடு. அதனால் செங்கல், சிமெண்டு கிடையாது. மூங்கிலும் தார்ப்பாயும்தான் வீடு. முகாமுக்கு வெளியே போய்ச் சட்டப்படி வேலை செய்யவும் முடியாது. சம்பாதிக்கக் கூடாது என்று ஆகிவிட்டால் அரிசியிலிருந்து சோப்பு வரை எல்லாம் யாரோ கொடுத்தாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு மாதமும். நன்கொடையாளர்களிடம் நான் திரும்பத் திரும்ப விளக்கியது இதைத்தான். "இத்தனை வருஷமாக் கொடுக்கிறோமே, இன்னுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு.

ஆரம்பத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. 2017 அக்டோபர் 23 அன்று ஜெனீவாவில் ஐரோப்பிய ஒன்றியமும் குவைத்தும் ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து நிதி திரட்டும் கூட்டம் நடத்தின. கேட்டது 43 கோடியே 40 லட்சம் டாலர். வாக்குறுதியாகக் கிடைத்தது 34 கோடிக்கு மேல். ஒரே நாளில் இது பெரிய விஷயம். இப்படிப்பட்ட கூட்டங்கள் நம் ஊர் மொய் விருந்து மாதிரிதான். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள், பக்கத்து நாடு எழுதியதைப் பார்த்து இந்த நாடு கொஞ்சம் ஏற்றும். என்ன, மொய்ப் பணம் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். இங்கே நோட்டில் எழுதியது ஒப்பந்தமாகி, தவணையாகி வந்து சேர மாதங்கள் ஆகும். ஏற்கெனவே கொடுத்ததையும் கூட்டி அறிவிக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு.

நான் மறக்க முடியாத மார்ச் 2023இல் வந்தது. முதல் தேதி, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ரேஷனைத் தலைக்கு மாதம் 12 டாலரிலிருந்து 10 டாலராகக் குறைத்தது. காரணம் வேறொன்றும் இல்லை, பணம் வரவில்லை. ஐந்தாம் தேதி பிற்பகல் 11ஆம் எண் முகாமில் தீப்பிடித்தது. மூங்கிலும் தார்ப்பாயும் எரிய எவ்வளவு நேரமாகும்? இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகள் போயின. பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. ஏழாம் தேதி ஜெனீவாவில் அந்த ஆண்டின் திட்டம் வெளியீடு: 87 கோடியே 60 லட்சம் டாலர், அகதிகளுக்கும் அக்கம்பக்கத்து வங்கதேச ஏழைகளுக்குமாகச் சேர்த்து.

ஐந்தாம் தேதி சாயங்காலத்திலிருந்து என் போன் ஓயவில்லை. படம் இருக்கிறதா, வீடியோ இருக்கிறதா, பேட்டி கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று எங்கிருந்தெல்லாமோ அழைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் தீயைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, "இதே முகாமில் நாலு நாள் முன்னால் ரேஷனைக் குறைத்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி சேர்ப்பேன். "ஓ, அப்படியா" என்பார்கள். வெளியான செய்திகளில் பெரும்பாலானவற்றில் அந்த வரி இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தீயில் புகை தெரியும், கரிக்கட்டை தெரியும். பத்து லட்சம் பேர் தட்டில் கொஞ்சம் குறைந்ததை எந்தக் கோணத்தில் படம் பிடிப்பது? எரிந்த குடிசைகளைத் திரும்பக் கட்டுகிற வேலை உடனே தொடங்கிவிட்டது. ரேஷன் ஜூன் முதல் தேதி இன்னும் குறைந்து 8 டாலர் ஆனது. வங்கதேசப் பணத்தில் 840 டாக்கா. ஒரு நாளைக்கு 27 சென்ட்.

அந்த ஜூனில் வெளிநாட்டு அதிகாரிகள் சிலரை ரேஷன் கடைக்கு அழைத்துப் போனேன். கடை என்றால் நிஜமாகவே கடைதான். கார்டில் குடும்பத்துக்கான தொகை ஏறியிருக்கும். விரல் ரேகை வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆறு பேர் உள்ள குடும்பத்துப் பெண் ஒருவர் கூடையோடு வரிசையில் நின்றார். பில் போடும் இடத்தில் தொகை தாண்டிவிட்டது. முதலில் முட்டையைத் திருப்பி வைத்தார். போதவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக் கொஞ்சம் யோசித்தார், அதையும் வைத்தார். பிறகு எண்ணெயில் பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்னது. அரிசியில் கை வைக்கவில்லை. காய்ந்த மிளகாயையும் விடவில்லை. வெறும் சோற்றைப் பிள்ளைகள் தின்ன வேண்டுமே, உறைப்பாவது இருக்கட்டும் என்றார். விருந்தினர்களில் ஒருவர் குனிந்து மிகவும் பணிவாக, "இந்தக் குறைப்பு உங்களை எப்படிப் பாதிக்கிறது?" என்று கேட்டார். அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம், "இவங்க குறைக்கிறவங்களா, கூட்டுறவங்களா?" என்றார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். அப்படியே சொல்லிவிடுங்கள் என்றேன். அதிகாரி சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் குழந்தைகளிடையே கடும் ஊட்டக்குறைவு 15 சதவீதத்தைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை என்று வரையறுத்திருக்கும் எல்லையே அதுதான். 2024 ஜனவரியில் ரேஷன் திரும்ப 10 டாலர் ஆனது, பிறகு படிப்படியாகப் பழைய அளவுக்கு வந்தது.

படம் என்றதும் இன்னொன்று. எங்கள் தலைமையகத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருமுறை மெயில் வந்தது. நாங்கள் அனுப்பியிருந்த படத்தில் ஓர் இளைஞன் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக் குன்றேறிக்கொண்டிருந்தான், பின்னால் பச்சைப் பசேல் என்று மரங்கள். "இது நன்றாக இருக்கிறது, ஆனால் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. வேறு இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் படத்தில் இருந்தது முகாமில் நடந்த நல்ல காரியங்களிலேயே பெரியது. 2017-18இல் சமைக்க விறகு வெட்டியே சுற்றுவட்டாரக் குன்றுகள் மொட்டையாகிவிட்டன. விறகுக்குக் காட்டுக்குள் போன பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நேர்ந்த தொல்லைகள் தனி. 2018இல் கேஸ் கொடுக்கத் தொடங்கியதும் விறகுத் தேவை சரிந்தது, நட்ட கன்றுகள் பிழைத்தன, மண்சரிவு அபாயமும் குறைந்தது. ஆனால் நடக்காமல் போன மண்சரிவை வைத்து நிதி திரட்டுவது எப்படி? (யானைக்கு மட்டும் இந்தக் கஷ்டம் கிடையாது. முகாமே யானை வழித்தடத்தில் இருப்பதால் தொடக்கத்தில் பலர் மிதிபட்டு இறந்தார்கள். அகதிகளே காவல் கோபுரம் ஏறி, குழுவாக யானைகளைத் திருப்பி அனுப்பப் பழகினார்கள். வந்த நிருபர்களில் யானைக் கதை கேட்காதவர் ஒருவரும் இல்லை.)

விளம்பரப் பிரிவின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் வந்தபோது ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நன்கொடை பல மடங்கு எகிறியது. சில வாரங்களில் வேகமாக இறங்கியும் விட்டது. இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. படம் கதவைத் திறக்கும், திறந்து வைத்திருக்காது. கோபம் ஆறியபின் நானும் வேறு படம் அனுப்பினேன். சிலிண்டர் படத்தை ஆண்டறிக்கையில் போட்டேன்.

என்னை அதைவிட அதிகம் படுத்தியது மூங்கில். பச்சை மூங்கிலைத் துளைப்பூச்சி சில மாதங்களில் அரித்து மாவாக்கிவிடும். போரான் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தினால் பல ஆண்டுகள் நிற்கும். அதற்கான நிலையங்கள் முகாம் பகுதியிலேயே வந்தன. கணக்குப் போட்டால் குழந்தைக்குக்கூடப் புரியும், பதப்படுத்துவதே மலிவு. ஆனால் நன்கொடை ஓராண்டுக்குத்தான் வரும். அந்த ஓராண்டுக்குள் எத்தனை குடும்பங்களுக்கு வீடு கொடுத்தீர்கள் என்றுதான் படிவத்தில் கட்டம் இருக்கும். ஐந்தாண்டு நிற்கப்போகிற கம்பத்தைப் பற்றி எழுத அதில் இடமில்லை. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஆண்டு கேள்வி வரும். எத்தனை பிரபோசல்களில் இந்த மூங்கில் பத்தியை எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. 2025-26க்குத்தான் முதன்முறையாக இரண்டாண்டுத் திட்டம் போட்டார்கள்.

கொடியும் ஒரு சங்கதி. கழிப்பறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, பயிற்சி மையத்துத் தட்டி என்று எல்லாவற்றிலும் கொடுத்த நாட்டின் ஸ்டிக்கர் இருக்க வேண்டும், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். மக்கள் வரிப்பணம், காட்டவேண்டியதுதான், சரி. ஒரே தொட்டியில் நாலு கொடி ஒட்டியபோதுதான் கொஞ்சம் சிரிப்பு வந்தது. முகாம் பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகமாகக் கொடிகள் தெரியும். கொடி ஒட்ட முடியாத செலவுக்குத்தான் ஆள் கிடைக்காது. சாக்கடை தூர்வாருவது, ஜெனரேட்டர் டீசல், கணக்கரின் சம்பளம் இவற்றையெல்லாம் தாங்கியது "எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள்" என்று வந்த பணம். நார்வே, ஸ்வீடன் போன்ற சில அரசுகள் ஐ.நா. அமைப்புகளுக்கு அப்படிக் கொடுப்பதற்குப் பேர்போனவை. எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு அந்தப் பணம் தெருவில் நின்று பேசிச் சேர்த்த மாதச் சந்தாக்காரர்களிடமிருந்து வந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உகியா எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் மூத்த வங்கதேச சகா ஒருவர் இருந்தார். 1971இல் கைக்குழந்தையாக மேற்கு வங்க முகாமில் இருந்தவர். அந்த ஆண்டு இந்தியாவுக்குள் வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடி. உலகம் நினைவில் வைத்திருப்பது ஆகஸ்ட் முதல் தேதி நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரியை. வங்கதேசம் என்ற பெயரையே பலருக்கு அறிமுகப்படுத்தியது அது. அதன் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க வரித்துறைச் சிக்கலில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதே ஆண்டு நவம்பரில் இந்திய அரசு தபாலுக்குக் கூடுதலாக ஐந்து பைசா அகதி நிவாரண ஸ்டாம்பு ஒட்டச் சொன்னது. 1973 வரை அது நீடித்தது. எங்கள் வீட்டுப் பழைய கடிதக் கட்டில் அந்த ஸ்டாம்பு இன்னும் இருக்கிறது. தாத்தாவுக்கு யாரோ மாடு விற்ற விவரம் எழுதிய கடிதம், உறையின் ஓரத்தில் அகதிகளுக்கு ஐந்து பைசா. அதன் போட்டோவை சகாவிடம் காட்டினேன். "அப்ப எனக்குப் பால் பவுடர் வாங்கினது உங்க தாத்தாவா?" என்றார். கச்சேரியா ஸ்டாம்பா என்று கேட்டால், என் தொழில் அனுபவத்தில் நான் ஸ்டாம்பு கட்சி.

நான் ஊர் திரும்பிய பிறகு 2025 மார்ச்சில் மறுபடியும் அதே கதை. அமெரிக்கா அந்த ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்திருந்தது. ஏப்ரலிலிருந்து ரேஷன் 6 டாலர்தான் என்று அறிவிப்பு வந்தது. 14ஆம் தேதி ஐ.நா. பொதுச்செயலர் குட்டெரெஸ் நேரில் வந்து, அப்போது வங்கதேச இடைக்கால அரசின் தலைவராக இருந்த முகமது யூனுஸுடன் ஆயிரக்கணக்கான அகதிகள் நடுவே உட்கார்ந்து நோன்பு திறந்தார். உலகம் முழுக்கப் படம் வந்தது. மாதக் கடைசியில் அமெரிக்கா 7 கோடியே 30 லட்சம் டாலர் அறிவித்தது. ரேஷன் 12 டாலரில் நின்றது. சந்தோஷம்தான். ஆனால் ஜூனில் யுனிசெஃப் பணமில்லாமல் முகாம் கற்றல் மையங்களை நிறுத்திவைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் வங்கதேச ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. அவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

அந்த வாரம் பழைய சகா போன் செய்தார். நிதி கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும், தீ இல்லை, வெள்ளம் இல்லை, எப்படித் தொடங்குவது என்று கேட்டார். எத்தனை ஆசிரியர்கள், மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு வேண்டும், இந்த மூன்றையும் முதல் வரியிலேயே போடச் சொன்னேன். படம் வேண்டாமா என்றார். பூட்டு தொங்கும் கதவை யாரும் பார்க்க மாட்டார்கள், எண்களே போதும் என்றேன். தலைமையகம் ஒத்துக்கொள்ளுமா என்பது அவருக்குச் சந்தேகம்தான், இருந்தாலும் அன்று ராத்திரியே எழுதி அனுப்பிவிட்டார்.