ஓவான் கேட்ட ராத்திரி

தடைக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து போட்டெல்லாம் பாம்பன் கரையில கட்டிக் கெடக்கு, ராத்திரி ஒம்போது மணிக்கே தெரு அடங்கிருது, அந்த நேரத்துல ரெண்டு வாரமா வியட்நாம் பாட்டுதான் கேட்டுட்டு இருக்கேன். டோன் கா தாய் தூன்னு பேரு, தெக்கு வியட்நாம்ல மீகாங் டெல்டா பக்கத்து இசை. வேலை முடிச்சவங்க வீட்டு முத்தத்துலயோ படகுலயோ பாய விரிச்சு நாலஞ்சு பேரா உக்காந்து, காசுக்கு இல்லாம தங்களுக்காகவே வாசிக்கிறது. பழைய தலைநகரான ஹுவேயோட அரண்மனை இசையும் நாட்டுப்பாட்டும் கலந்து 19ஆம் நூற்றாண்டு கடைசில வந்தது, 2013ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் சேத்துட்டாங்க.

என்னைய இழுத்தது அதுல உள்ள உணர்ச்சிக் கணக்கு. அடிப்படை உருப்படி 20. அதுல பாக் 6, சந்தோசமானது, ஹா 7, சாமி காரியத்துக்கு உரிய கம்பீரம், நாம் 3, அதுக்குள்ளயே நிதானமும் இருக்கு சோகமும் இருக்கு. மிச்சம் 4 ஓவான், வெளிய கொட்ட முடியாம உள்ளயே கெடந்து புழுங்குற துக்கம்.

ஸ்வரத்துக்கு பேரு ஹோ, ஸு, சாங், ஸே, கோங்னு அஞ்சுதான். ஆனா எத ஆட்டணும், எத ஆட்டாம நேரா விடணும், எத அமுக்கி மேல ஏத்தணும்ங்கறது ஒவ்வொண்ணுக்கும் வேற. 16 கம்பி டான் ட்ரான் வாசிக்கிறவங்க கைய பாருங்க, வலது கை மீட்டிட்டு போயிருது, கம்பியத் தாங்குற குதிரைக்கு அந்தப் பக்கம் இடது கை ரெண்டு விரலு கம்பிய அமுக்கி நடுங்குது பாருங்க, அழுகை வர்றது அங்கதான். கிட்டாரக் கூட விடல, கம்பிய ஆழமா அமுக்கணும்னு கட்டைக்கு கட்டை நடுவுல மரத்த கரண்டிக்குழி மாதிரி தோண்டி எடுத்துட்டாங்க. மொதல்ல தாளமில்லாம ராவ், நம்ம ஆலாபனை மாதிரி, அப்பறம் காலுகிட்ட இருக்க சின்ன மரக்கட்டை டக்னு விழும், எனக்கு அந்த சத்தத்துக்கே மேலு சிலுக்கும்.

முந்தாநாள் அப்பத்தா பக்கத்துல படுத்திருந்துச்சு. இழவு வீட்ல ஒப்பாரிக்கு முதக்குரல் எடுக்கிற ஆளு. ஓவான் ஒண்ணு போட்டேன், கண்ண மூடி கேட்டுச்சு. அடுத்து காவ் வான் லாவ் எழுதுன யா கோ ஹ்வாய் லாங்ங்கற பாட்டு ஓடுச்சு, அவரு பாக் லியூ ஊர்ல வாழ்ந்தவரு, நூறு வருசத்துக்கு முந்தி எழுதுனது, ரெண்டு தட்டா இருந்த வரிய பின்னாடி வந்தவங்க 4, 8, 16, 32ன்னு நீட்டிட்டே போய்த்தான் வொங் கோங்கற பாட்டு வகையே பொறந்துச்சு. அப்பத்தாகிட்ட இதெல்லாம் நான் சொல்லல. பாதியில எந்திரிச்சு உக்காந்து, "மொதப் பாட்டு உள்ளுக்குள்ள குமையுறவ பாட்டு, இது போனவனுக்கு காத்துக் கெடக்கறவ பாட்டு"ன்னுச்சு.

ராத்திரி முரசு கேக்குறப்ப தூரம் போன புருசன நெனச்சு ஏங்குறவ பாட்டுதான் அந்த ரெண்டாவது. அப்பத்தாவுக்கு அந்த பாஷையில ஒரு வார்த்த தெரியாது.

"எப்படி அப்பத்தா?"ன்னேன். "கொரலு தேஞ்சு முடியல பாரு, கடைசில லேசா தூக்கி நிறுத்துறா, வாசல பாக்குறா"ன்னு சொல்லிட்டு, இன்னொருக்கா போடச் சொல்லுச்சு.