குரோமோசோம் ரிப்போட் ‘நோமல்’ என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்

பிள்ளைக்குப் பேச்சுப் பிந்துகிறது, கையை உதறுகிறான், முகம் பார்த்துக் கதைக்கிறான் இல்லை என்று கிளினிக் கிளினிக்காக அலையும் தாய்மாருக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நிறமூர்த்தச் (குரோமோசோம்) சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால், ஜீனில் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.

என் மகனின் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, “பரம்பரைப் பிரச்சினை ஒண்டும் இல்லம்மா, தெரபிக்குப் போங்க” என்று ஒரு கிளினிக்கில் அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லால் எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் வீணாய்ப் போனது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. அந்தச் சோதனை நிறமூர்த்தங்களை எண்ணும், பெரிய துண்டேதும் குறைகிறதா கூடுகிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். என் மகனுக்கு இருப்பது ஃபிரஜைல் எக்ஸ், பிள்ளையின் பேச்சையும் வளர்ச்சியையும் பிந்தவைக்கும் ஒரு பரம்பரை நோய். அது அதில் பிடிபடாது. எக்ஸ் நிறமூர்த்தத்தின் நுனியில் உடைவு போன்ற ஒரு இடத்தை 1969இல் லப்ஸ் என்ற ஆய்வாளர் கண்டார். ஃபோலேட் குறைந்த ஊடகத்தில் கலங்களை வளர்த்தால்தான் அது தெரியும் என்று 1977இல் சதர்லாந்து என்ற ஆய்வாளர் காட்டினார். வழமையான சோதனைக்கு யாரும் அப்படி வளர்ப்பதில்லை. 1991இல் இந்த நோய்க்குக் காரணமான எஃப்.எம்.ஆர்.1 ஜீன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நேரே டி.என்.ஏ.யைத்தான் அளக்கிறார்கள். ஆகவே கடிதத்தில் ‘எஃப்.எம்.ஆர்.1 டி.என்.ஏ சோதனை’ என்றே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ‘ஜீன் டெஸ்ட்’ என்று மட்டும் இருந்தால் திரும்பவும் குரோமோசோமில்தான் போய் நிற்கும்.

எங்களுக்கு வழிகாட்டியவர் பேச்சுப் பயிற்சி தரும் மிஸ். மகனின் நீண்ட முகத்தையும் பெரிய காதுகளையும் கவனித்து, “இதைக் கட்டாயம் பாருங்க அக்கா” என்றார். அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

கடிதம் வாங்கப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “டொக்டர் லீவு, மறுகா வாங்க.” மறுகா போனால் கடிதம் இருக்கிறது, நிபுணரின் சீல் இல்லை. சீல் வைத்த பிறகு பார்த்தால் கிளினிக் கொப்பியில் மகனின் பெயர் ஒரு மாதிரி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். கொழும்பில் அதையே பிடித்துக்கொண்டார்கள். இரவு பஸ்ஸில் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு போன எங்களுக்கு, விடிந்ததும் கிடைத்த பதில் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டே வீட்டை விட்டு வெளிக்கிடுங்கள்.

அடுத்தது குழாய். ஊரில் இரத்தம் எடுத்தவர்கள், போனமுறை போலவே பச்சை மூடிக் குழாயில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஹெப்பரின் இருக்கும். குரோமோசோமுக்கு அது சரி, டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலையை அது குழப்பிவிடும். இரத்தம் ஏற்கப்படவில்லை. பிள்ளை கத்தக் கத்த நாலு பேர் பிடித்து எடுத்த இரத்தம்! ஊதா மூடி, ஈ.டி.டி.ஏ. குழாய். ஊசி குத்த முன்னம் மூடியின் நிறத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். இரத்தத்தை உறைய வைத்து அனுப்பவும் விடாதீர்கள்.

அதன் பிறகு எல்லாம் சுமுகம். கொழும்பில் மரபியல் டொக்டர் ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தைக் கீறினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மட்டக்களப்பில் குடி என்ற குலம் தாய்வழி என்பதால் அம்மா பக்கத்தில் மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்டதோ என் அப்பாவைப் பற்றி.

“அப்பாக்கு எப்படி, சுகமா இருக்காரா?”

“கை நடுங்கும் டொக்டர். நடக்கையில தடுமாறுவார். பார்க்கின்சன் என்றுதான் மருந்து குடுக்கிறாங்க.”

பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்பாவின் சகோதரிகளைப் பற்றியும் கேட்டார். ஒரு மாமிக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றது என்றேன். அப்பாவின் சதுரத்துக்குப் பக்கத்திலும் மாமியின் வட்டத்துக்குள்ளும் சின்னதாக ஒவ்வொரு புள்ளி வைத்தார்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். எஃப்.எம்.ஆர்.1 ஜீனின் தொடக்கத்தில் சி.ஜி.ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 44 வரை வழமை. 200ஐத் தாண்டினால் ஜீன் அடைபட்டு, எஃப்.எம்.ஆர்.பி. என்ற புரதம் உண்டாகாது. அது ஆர்.என்.ஏ.யில் ஒட்டும் புரதம். நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடுக்கும் இடங்களில் பல தூது ஆர்.என்.ஏ.க்களை (புரதம் செய்யச் சொல்லி ஜீன் அனுப்பும் பிரதிகளை) பிடித்து வைத்து, வேண்டிய நேரம் வரும்வரை அவற்றிலிருந்து புரதம் செய்யவிடாது. வயலுக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் துருசு எப்படியோ அப்படி. துருசு இல்லாவிட்டால் தண்ணீர் கண்டபடி பாயும்; மகனின் மூளையில் வேண்டாத நேரத்தில் வேண்டாத அளவில் புரதங்கள் உண்டாகின்றன.

அப்பாவின் கதை நேர்மாறு. 55 முதல் 200 வரை உள்ளவர்களில் ஜீன் அடைபடாது, தூது ஆர்.என்.ஏ.யை அளவுக்கு மிஞ்சி உண்டாக்கும். அந்த நீண்ட சி.ஜி.ஜி. பகுதியில் வேறு ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்கள் போய்ச் சிக்கிக்கொண்டு, செய்ய வேண்டிய வேலைக்கு வராமல் போகின்றன. இவர்களில் சிலருக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு வரும் நடுக்கத்துக்கும் தடுமாற்றத்துக்கும் சொல்லப்படும் முக்கிய காரணங்களில் இது ஒன்று. இந்த நோயை 2001இல்தான் ஹேகர்மன் குழுவினர் முதலில் விவரித்தார்கள். மாமிக்கு மாதவிடாய் முந்தி நின்றதற்கும் இதே அளவு காரணமாக இருக்கலாம். ஒரே ஜீன், பேரனுக்கு ஒரு விதம், பாட்டனுக்கு இன்னொரு விதம்.

ரிப்போட் வந்தது. மகனுக்கு 200க்கு மேல், எனக்கு 90ஐத் தாண்டி, அப்பாவுக்கு 80ஐ அண்டி. அழுதேன்தான். ஆனால் அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன். நான் கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டதால், இதைச் சாப்பிடாததால் என்று சொன்ன எல்லா வாய்க்கும் பதில் அந்தத் தாளில் இருந்தது. இதை மாற்ற மருந்தில்லை. மகனின் பயிற்சியை அவனுக்கேற்றபடி மாற்றியிருக்கிறோம், பாடசாலைக்கும் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

பலர் தவறவிடுவது இதன் அடுத்த படியை. அப்பா தன் ஒரே எக்ஸை மகள்மார் எல்லாருக்கும் கொடுத்திருப்பார். ஆண்பிள்ளைகளுக்குக் கொடுக்க வழியில்லை. எனவே தம்பிக்குப் பயமில்லை, திருக்கோவிலில் கலியாணம் கட்டியிருக்கும் தங்கச்சிக்கு இருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகையில் இந்த எண் 200ஐத் தாண்டிவிடலாம், என் மகனுக்கு நடந்தது அதுதான். அவள் பிள்ளை பெற யோசிக்கும் முன் தன் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். என் ரிப்போட்டின் போட்டோ கொப்பி, சீல் வைத்த கடிதம், பெயர் ஒத்த அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு நானே கூடப் போனேன். ஊதா மூடியில்தான் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்கிறோம்.