பிரஸ் ஷாப்பில் இரைச்சலைக் குறைத்த அனுபவம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பவர் பிரஸ்கள் வரிசையாக ஓடும் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரைச்சல் பற்றிப் பேச்செடுத்தால் நிர்வாகம் காதடைப்பான் பெட்டியைக் காட்டும். வாங்கி வைத்ததோடு கடமை தீர்ந்தது! அளந்து பார்க்கலாம் என்று விடாமல் நச்சரித்ததில், தோளில் மாட்டும் கருவியோடு ஆட்கள் வந்தார்கள்.

8 மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகளில் உள்ள வரம்பு 90 டெசிபல். 95 என்றால் 4 மணி நேரம்தான். எங்களிடம் 97 காட்டியது. பிரஸ் அடிக்கும் சத்தம்தான் காரணம் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். ஆனால், வெட்டிய துண்டை அச்சிலிருந்து ஊதித் தள்ளும் காற்றுக் குழாயை மூடியதும் அளவு சட்டென்று இறங்கியது. நசுங்கிய வாயுள்ள செம்புக் குழாய், அதில் கம்ப்ரஸரின் முழு அழுத்தம். சீறாமல் என்ன செய்யும்? பல துளை நாசில் மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து, துண்டு விழும் தகரப் பெட்டிக்குள் பழைய கன்வேயர் ரப்பரை ஒட்டினோம். 91க்கு வந்தது. "ஆறுதானே?" என்று கணக்குப் பிரிவில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்று குறைந்தாலே ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும் என்று புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

காதுப் பரிசோதனைதான் பெரிய போராட்டம். பரிசோதனை வண்டி ஷிப்ட் நடுவில் வருவதாக இருந்தது. இரைச்சலில் நின்ற காது சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும். அப்போது எடுக்கும் வரைபடத்தை நம்ப முடியாது. விடுமுறை கழிந்த திங்கள் காலைக்கு, வேலை தொடங்குமுன் என்று மாற்றினேன். ஆட்களோ வர மறுத்தார்கள். "காது கேட்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா, சார்?" என்று மூத்த ஆபரேட்டர் நேராகவே கேட்டார். நியாயமான பயம். யாரையும் நீக்கமாட்டோம், சம்பளத்தில் கைவைக்கமாட்டோம் என்று நிர்வாகம் எழுதிப் பலகையில் ஒட்டிய பிறகே வரிசையில் நின்றார்கள்.

அந்த ஆபரேட்டரின் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் (கீச்சென்ற உயர்ந்த ஒலி) அருகே கோடு பள்ளமாக விழுந்திருந்தது. இரைச்சல் பாதிப்பின் வழக்கமான அடையாளம் அது. "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை" என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனது திரும்பாது. அதே சம்பளத்தில் பேக்கிங் பகுதிக்கு மாற்றினோம். தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இருந்ததால், உரிய அலுவலகத்துக்கும் தகவல் போனது.

91 என்பது இன்னும் வரம்புக்கு மேல்தான். ஆகவே காதடைப்பான் தொடர்கிறது. பஞ்சு வைப்பதில் பயனில்லை. ஸ்பாஞ்ச் காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துச் செருகி, விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். இதை ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்கிறேன். புதிய பிரஸ்ஸுக்கான ஆர்டரில் இரைச்சல் அளவையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்திருக்கிறோம். விலைப்புள்ளிகள் இனிமேல்தான் வர வேண்டும்.