அக்கா பையனுக்கு வெனம்

டிசம்பர் 24, 2024, செவ்வாய்

கடலூரிலிருந்து அக்கா பையன் புதுச்சேரிக்கு வந்திருக்கிறான், லீவு முடியும்வரை இங்கேதான். பையைக் கீழே வைக்கும் முன்னாலேயே கேட்டுவிட்டான்: "சித்தி, வெனம் காமிக்ஸ் எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?" ஸ்பைடர்மேனின் எதிரியாகப் பிறந்த வெனத்தின் மூன்று படமும் பார்த்தாயிற்றாம். நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலைக் காட்டினான். தீபாவளி மளிகைப் பட்டியல் தோற்றுவிடும், அத்தனை நீளம், அதுவும் வெளிவந்த தேதி வரிசையில்.

தேதி வரிசைதான் தப்பே. 1984 மே மாத அமேசிங் ஸ்பைடர்மேன் 252ஆம் இதழில் ஸ்பைடர்மேன் கறுப்பு உடையோடு வந்து நிற்கிறார். அது எங்கே கிடைத்தது என்பதை டிசம்பர் மாத சீக்ரெட் வார்ஸ் 8ஆம் இதழ்தான் சொல்கிறது. வெனம் என்கிற ஆசாமி முழு உருவத்தில் வருவதோ 1988 மே, 300ஆம் இதழில். அதுவரை நாலு வருஷம் துணியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்க வேண்டும். (அந்தக் கறுப்பு உடை யோசனையே ஒரு வாசகர் அனுப்பியது. பதிப்பாளரான மார்வெல் 220 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. அப்புறம் அது சம்பாதித்துக் கொடுத்ததை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.)

நேரே 300ஐப் படி என்று டேப்லெட்டைக் கையில் கொடுத்தேன்.

டிசம்பர் 25, புதன்

நேற்று ராத்திரி மிஷன் வீதிக்குப் போனோம். நாங்கள் வேதக்காரர்கள் இல்லை, ஆனாலும் கிறிஸ்துமஸ் என்றால் சம்பா கோவில் விளக்கு பார்க்கப் போய்விடுவது வழக்கம். மணி அடித்ததும் இவன் கூட்டத்துக்கு நடுவில் கத்துகிறான், "சித்தி, வெனம் இங்க நின்னா செத்தான்!" பக்கத்தில் நின்ற பாட்டி திரும்பி முறைத்தார்.

சரியாகத்தான் சொன்னான். அந்தக் கறுப்பு உடை வெறும் துணியில்லை, சிம்பயாட் என்ற உயிருள்ள ஒட்டுண்ணி. அதற்கு ஆகாதவை இரண்டு, நெருப்பும் பெரிய சத்தமும். ஸ்பைடர்மேன் அதை உதறியதும் ஒரு தேவாலய மணிக்கூண்டில்தான். அங்கேதான் எட்டி பிராக் சாகும் நினைப்போடு வந்து பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறார். பத்திரிகை நிருபர். சின்-ஈட்டர் என்ற கொலைகாரன் இன்னார்தான் என்று ஒருவர் பேச்சை நம்பி எழுதிவிட்டார், உண்மையான ஆளை ஸ்பைடர்மேன் பிடித்துக் கொடுத்ததும் இவர் வேலை போனது, மானம் போனது. சரிபார்க்காமல் எழுதியது இவர், கோபம் மட்டும் ஸ்பைடர்மேன் மேல். ஸ்பைடர்மேனால் ஒதுக்கப்பட்ட உடையும் அதே கடுப்பில் இருக்கிறது. இரண்டு கடுப்பும் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான் வெனம்.

எனக்கு இந்த ஆளைப் பிடிக்கக் காரணமே இதுதான். உலகத்தை ஆளும் திட்டம் ஒன்றும் கிடையாது. தன் பிழைப்பு கெட்டதற்கு அடுத்தவனைக் கை காட்டுகிற மனிதர், நம் தெருவிலேயே நாலு பேர் தேறுவார்கள். 300ஐ எழுதிய மைக்கேலினியின் நடை இன்றைக்குக் கொஞ்சம் வளவள, மெக்ஃபார்லேன் வரைந்த படங்கள் இன்னும் நிற்கின்றன.

டிசம்பர் 26, வியாழன்

ஃபெஞ்சல் புயலன்று இங்கே ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்போது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இன்றைக்குத்தான் திறக்கத் துணிச்சல் வந்தது. அண்ணன் சேர்த்து வைத்த லயன் காமிக்ஸ் பாதி கூழ். நம் கூர்மண்டை ஸ்பைடர் கதைகளில் இரண்டு தப்பித்தன, மொட்டை மாடியில் கல் வைத்துக் காயப்போட்டேன்.

பையனுக்கு இது தெரியவே தெரியாது. "இது மார்வெல் ஸ்பைடர்மேன் இல்லையா?" இல்லைடா, இது பிரிட்டிஷ்காரர்களின் ஸ்பைடர், 1965இல் லயன் என்ற அவர்கள் வாரப் பத்திரிகையில் ஆரம்பித்தது. குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பி, போட்டிக்கு வந்த வில்லன்களை அடித்து அடித்தே நல்லவன் ஆனவன். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பிற்பாடு இதற்குக் கதை எழுதினார். வில்லனாயிருந்து ஹீரோவாக வெனம் 1993இல் போன ரூட்டில் நம் ஆள் அறுபதுகளிலேயே போய்விட்டான் என்றதும் பையன் முகத்தில் ஒரு மரியாதை.

டிசம்பர் 27, வெள்ளி

சொன்னதைக் கேட்பானா? அட்டை நன்றாக இருக்கிறது என்று நேராக 2020ஆம் ஆண்டின் கிங் இன் பிளாக் படித்திருக்கிறான். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து, 'நல்' என்பவன் யார், இந்த டிராகன் எங்கிருந்து வந்தது, எட்டிக்கு எப்போது பையன் பிறந்தான் என்று ஒரே கேள்வி. கல்யாணப் பந்தியில் பாயசத்திலிருந்து ஆரம்பித்தால் இப்படித்தான். 2018இல் டானி கேட்ஸும் ரையன் ஸ்டெக்மனும் தொடங்கிய 35 இதழ் வெனம் தொடரின் கடைசிக் கட்டம் அது. வைத்துவிட்டுப் போய்த் தூங்கு என்றேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

காந்தி வீதி சண்டே மார்க்கெட். பழைய புத்தகக் குவியலில் வெனம் இல்லை, கைடும் சமையல் குறிப்பும்தான். நைட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பையன் லீதல் புரொடெக்டர் முடித்துவிட்டான். 1993, ஆறே இதழ். ஸ்பைடர்மேனோடு சமாதானமாகி சான் பிரான்சிஸ்கோ போய், நிலத்தடியில் வாழும் வீடற்றவர்களுக்குக் காவல் நிற்கிறார் வெனம். வில்லன் ஹீரோவாகத் திரும்பிய இடம் என்பதால் படிக்கத்தான் வேண்டும், ஆனால் பாதிக்கு மேல் எனக்குக் கொட்டாவி. இதற்குப் பிறகு வந்த தொண்ணூறுகள் மினி சீரிஸ்களைத் தாண்டிவிடலாம், 1996இன் தி ஹங்கர் மட்டும் விதிவிலக்கு. சிம்பயாட்டுக்கு மூளை தின்னும் ஆசை ஏன் வருகிறது, அதற்குச் சாக்லேட் எப்படி மருந்தாகிறது என்பது அதில்தான்.

அடுத்தது 2011இன் வெனம் தொடர், ரிக் ரெமெண்டர் எழுதியது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. பள்ளியில் பீட்டரை (ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர்) வாட்டி எடுத்த ஃபிளாஷ் தாம்சன், ஈராக் போரில் இரண்டு கால்களும் இழந்தவர், அரசாங்க ஏஜெண்டாகி வெனம் உடை போட்டால் கால் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு தடவைக்கு 48 மணி நேரம்தான், மிஞ்சினால் அது நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். கழற்றியதும் மறுபடி சக்கர நாற்காலி. இதைப் படித்துவிட்டுப் பையன் சாப்பிடும்போது ஒன்றும் பேசவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

காலையிலிருந்து நோட்டில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தான். பார்த்தால் 300ஆம் இதழைத் தமிழில் எழுதுகிறான்! எட்டியும் சிம்பயாட்டும் சேர்ந்தவுடன் 'நான்' போய் எப்போதும் பன்மைதான். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல், நமக்கோ இரண்டு. ஸ்பைடர்மேனைப் பார்த்துப் பேசினால் 'நாங்கள்', அவனுக்கு அதில் இடம் கிடையாது. உடைக்கும் எட்டிக்கும் நடக்கும் பேச்சு என்றால் 'நாம்'. இவன் எல்லா பலூனிலும் 'நாம்' போட்டிருந்தான். தெருக்கூத்து ராஜா சபைக்கு வந்த மாதிரி இருக்கிறதடா என்றேன், அடித்துவிட்டுத் திருத்தினான்.

மத்தியானம் நோட்டோடு மறுபடி வந்தான். "சித்தி, எட்டியை விட்டு அது தனியா இருக்கறப்ப 'நான்'னு சொல்லுமா?"

2018 தொடரின் முதல் இதழை எடுத்துக் கொடுத்தேன்.