தச்சன் வீட்டுப் பங்கு

முழங்கால் அளவு ரத்தத் தண்ணீரில் திமிங்கிலத்தை அறுத்தபடி கத்தியும் கையுமாக நின்றவரிடம், "அரைக் கிலோ என்ன விலை?" என்று கேட்டேன். லமலேராவுக்குப் போய் ஆறு நாள் ஆகியும் எனக்குப் புத்தி வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார். "இது என்னுடையது இல்லை, ஓம்" என்றார்.

(ஓம் என்றால் அங்கே மாமா. மந்திரம் இல்லை. அவர்கள் பேசும் லமஹோலோட் மொழியில் 'அமா' என்றால் அப்பா, 'இனா'தான் அம்மா. முதல் இரண்டு நாள் நான் வீட்டுக்கார அம்மாவை "அம்மா" என்று கூப்பிட, தெருப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு எல்லோரையும் போல "மாமா" என்று இந்தோனேசிய முறையில் கூப்பிட்டேன். அதாவது அம்மா. தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது.)

லமலேரா, இந்தோனேசியாவின் கிழக்கு நூசா தெங்காரா மாகாணத்தில் லெம்பாத்தா தீவின் தெற்குக் கரையில் இருக்கிற, ஈட்டி எறிந்து திமிங்கிலம் பிடிக்கிற மீனவர் ஊர். குப்பாங்கிலிருந்து சின்ன விமானத்தில் லெவோலேபா, அங்கிருந்து பெஞ்சு போட்ட லாரியில் கோழி, சிமெண்ட் மூட்டை, பாட்டிகள் எல்லோருடனும் மலை ஏறி இறங்கிப் போக வேண்டும். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பதினாறு வருஷம் இருந்ததில் ஒட்டிக்கொண்ட பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய், எனக்குக் கைகொடுத்தது. ஆகஸ்டில் போயிருந்தேன். மே முதல் அக்டோபர் வரை 'லெஃபா' என்கிற கடல் பருவம். கரையில் பூசை வைத்து, கடலில் இறந்துபோனவர்களுக்காக வேண்டிக்கொண்டுதான் அதைத் தொடங்குகிறார்கள். ஊரே கத்தோலிக்க ஊர்.

ஊரில் நிலம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாறை, அதன்மேல் வீடு, பின்னால் மலை. இவர்களே வந்தேறிகள்தான். மூழ்கிப்போன ஒரு தீவிலிருந்து முன்னோர் தப்பி வந்தார்கள் என்பது ஊர்க்கதை. மண்ணுக்கு உரிய பழைய குடிகள் முன்பே இங்கே இருந்தார்கள். அதனால் இன்றைக்கும் திமிங்கிலம் கரைக்கு வந்தால் தலைப் பகுதியில் அந்தக் குடிகளுக்கு உரிமை உண்டு. நில வாடகையைத் திமிங்கிலத் தலையில் கட்டுகிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் கை வைத்துக் கேட்ட அந்தத் துண்டு யாருடையது? அதைச் சொன்னது என் வீட்டுக்கார மாமா, அதாவது அந்த அம்மா. சமையலறையில் ஒரு பறவைக் கோலாவைப் பலகையில் கிடத்தி, கத்தி முனையால் கோடு போட்டுக் காட்டினார். இது ஈட்டி எறிந்த லமாஃபாவுக்கு. இது துடுப்புப் போட்டவர்களுக்கு. இது படகு வைத்திருக்கிற குலத்தாருக்கு. இது ஈட்டி முனை அடித்த கொல்லனுக்கு, இது பாய் முடைந்தவனுக்கு. கடைசியாக ஒரு சின்னக் கோடு போட்டு, "இது நாங்கள்" என்றார். அவர் அப்பா படகு கட்டிய தச்சர். அவர் செத்து வருஷங்கள் ஆகியும் பங்கு வீட்டுக்கு வருகிறது. 'எனக்கு இத்தனை கிலோ' என்று அவர் சொல்லவில்லை. 'என் இடம் இது' என்றுதான் சொன்னார். மீன் பெரிதானால் இடமும் பெரிதாகும், மீன் வராவிட்டால் இடம் சும்மா இருக்கும். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் வலைப்பங்கு, வள்ளப்பங்கு, ஆள்பங்கு என்று பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அது விற்ற காசில் போடும் கணக்கு. இங்கே பிடிபடாத திமிங்கிலத்தின் உடம்பிலேயே பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள்.

படகைத் 'தேனா' என்கிறார்கள். இரும்பு ஆணியே கிடையாது, மரமுளை மட்டும். பாய் தாளிப்பனை வகை ஓலையில் முடைந்தது. கரையோரம் கூரைக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு தேனா. பலகை மக்கினால் மாற்றுவார்கள், மொத்தமும் போனால் அதே பேரில் புதிதாகக் கட்டுவார்கள். 1994இல் திமிங்கிலம் இழுத்துக்கொண்டு திமோர்ப் பக்கம் போய்விட்ட படகுகளின் கதையை ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆட்களை ஒரு சுற்றுலாக் கப்பல் காப்பாற்றியது. படகு போனால் சொத்து போனது என்று அர்த்தமில்லை. சொத்து மரத்தில் இல்லை, பேரில் இருக்கிறது. அந்தப் பேருக்குப் பங்குகள் இருக்கின்றன, பங்குகளுக்கு வாரிசு இருக்கிறது.

இதற்குள் வந்து நுழைந்ததுதான் 'ஜொன்சோன்'. வெளியில் மாட்டும் மோட்டாரின் பழைய பிராண்டுப் பேர், இப்போது மோட்டார்ப் படகுக்கே பேராகிவிட்டது. மாமாவின் மூத்த மகன் மலேசியாவின் சபாவில் பல வருஷம் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் கிடந்து சம்பாதித்து ஒன்று வாங்கியிருக்கிறான். வலை அவனுடையது, மோட்டார் அவனுடையது, பெட்ரோல் கடன் அவனுடையது. ராத்திரி வலையில் வரும் மீனை அவனும் அவன் ஆட்களும் பிரித்துக்கொள்வார்கள். அதில் கொல்லனும் இல்லை, பாய் முடைகிறவனும் இல்லை, தாத்தாவும் இல்லை.

"பலெயோ!" என்று கூவல் எழுந்தால், திமிங்கிலம் தெரிகிறது என்று அர்த்தம். அன்றைக்கு இவன்தான் தேனாவை இழுத்துக்கொண்டு போனான். அந்தப் பெட்ரோலுக்கு உடம்பில் எந்த இடம்? தாயும் மகனும் சாப்பாட்டு நேரத்தில் இதைத்தான் பேசினார்கள். சண்டை என்று சொல்ல முடியாது, குரல் உயரவில்லை. "தாத்தா பெட்ரோல் போட்டாரா?" என்றான் மகன். "நீ படகு கட்டினாயா?" என்றார் மாமா. இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது, அதனால் குனிந்து சோளச்சோறு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மாமாவோடு வுலாண்டோனிச் சந்தைக்குப் போனேன். கருவாடு, உப்பு, வெற்றிலைக்கான சுண்ணாம்பு ஆகியவற்றைக் கூடையில் தலைமேல் வைத்து நடந்தார். மலைக்காரப் பெண்கள் சோளம், வாழை, கிழங்கு, பாக்கோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சந்தைப் பொறுப்பாளர் விசில் ஊதும்வரை யாரும் எதையும் மாற்றக் கூடாது. விசில் ஊதினதும் ஒரே கலகல. ஆறு ஆறாகத்தான் எண்ணுகிறார்கள், ஆறு சேர்ந்தால் ஒரு 'முங்கா'. ஒரு கருவாட்டுத் துண்டுக்குப் பன்னிரண்டு சோளக்கதிர். நான் ரூபியாவை நீட்டி வாழைப்பழம் கேட்டேன். அந்தப் பாட்டி பணத்தைப் பார்க்கக்கூட இல்லை, மாமாவின் கூடையைத்தான் பார்த்தார்.

திமிங்கிலத்தை அறுத்த அன்றைக்குச் சாயங்காலமே, கத்தியோடு நின்ற மனிதர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் முழ நீளத்துக்கு ஒரு துண்டு. "இது இப்போது என்னுடையது" என்றார். நான் பர்ஸை எடுக்கப் போக, மாமா என் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார்.

முற்றத்தில் மூங்கில் கம்புகளில் தொங்கும் இறைச்சிப் பட்டைகளுக்கு நடுவே எனக்கு ஒரு முழம் இடம் ஒதுக்கினார்கள். கீழே எண்ணெய் பிடிக்க ஒரு தகர டப்பா. ராத்திரி முழுக்க சொட் சொட் என்று அந்தச் சத்தம், அந்த நாற்றம். மூன்று துவைப்புக்குப் பிறகும் அது சட்டையை விடவில்லை.

திரும்பி வந்ததும் நண்பர்கள் ஒருவர் விடாமல் கேட்டது, "அம்பர்கிரிஸ் கிடைச்சுதா?" திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அந்த வாசனைப் பொருள் கோடிக்கணக்கில் பிடிபட்டது என்று செய்தியில் படித்துப் படித்து இப்படி ஆகிவிட்டார்கள். கிடைக்கவில்லை. என் துண்டையும் கொண்டுவரவில்லை, விமான நிலையத்தில் கம்பி எண்ண எனக்கு ஆசையில்லை. கிளம்புகிற அன்று விடியுமுன்னே லாரி வந்துவிட்டது. இருட்டில் மாமாவிடம் அந்தக் கம்பைக் காட்டி, "என் இடம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

இந்நேரம் அது வுலாண்டோனியில் பன்னிரண்டு சோளக்கதிராகியிருக்கும்.