5 நிமிடச் சராசரி காட்டாத பர்ஸ்ட்: ஒரு 1 கிகாபிட் இணைப்பை அளந்த அனுபவம்

சிங்கப்பூரின் டை செங் பக்கம் ஒரு தரவு மையம். அங்கே 1 கிகாபிட் இணைப்பு ஒன்றில் 5 நிமிடச் சராசரி 30 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை, ஆனால் சுவிட்ச் போர்ட்டில், கைவிடப்பட்ட பாக்கெட்டுகளை எண்ணும் டிராப் கவுண்ட்டர் ஏறிக்கொண்டே இருந்தது. இதில் முரண் ஏதும் இல்லை. இரண்டு போர்ட்டுகள் முழு வேகத்தில் அனுப்புவதெல்லாம் ஒரே போர்ட் வழியாக வெளியேற வேண்டுமென்றால், பாக்கெட்டுகள் காத்திருக்கும் 1 மெகாபைட் பஃபர் 8 மில்லிவினாடியில் நிரம்பிவிடும். 5 நிமிடச் சராசரியில் அந்த 8 மில்லிவினாடி பர்ஸ்ட், அதாவது திடீர் வெள்ளம், எங்கே தெரியும்?

பாக்கெட் பாக்கெட்டாகப் பிடிப்பதுதான் வழி. பாதி உழைப்பு இதிலேயே போய்விடுகிறது. இணைப்பின் இரு திசைகளையும் டிராஃபிக்கின் நகலைத் தரும் ஒரே 1 கிகாபிட் மிரர் போர்ட்டுக்குத் திருப்பினால், இரண்டின் கூட்டுத்தொகை 1 கிகாபிட்டை மிஞ்சும் நேரங்களில் மிரரே பாக்கெட்டுகளைக் கைவிடும். நாம் தேடும் பர்ஸ்ட் அங்கேயே தொலைந்துபோகும். திசைக்கு ஒரு போர்ட் கொடுங்கள், அல்லது கம்பியிலேயே நகலெடுக்கும் டேப் கருவி போடுங்கள். பிடிக்கும் கணினியில் வந்த பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டும் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ வசதிகள் இரண்டையும் லினக்ஸின் ஈத்டூல் கட்டளையில் அணைத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் பல பாக்கெட்டுகள் ஒட்டி 64 கிலோபைட் வரை ஒரே பாக்கெட்டாகப் பதிவாகும். பல பாக்கெட்டுகள் சேர்ந்தபின் ஒரேயடியாகக் கணினிக்குச் சொல்லும் இன்டரப்ட் கோலெசிங்கும் தொல்லைதான். சீராக வந்தவற்றுக்குக்கூட ஒரே நேரமுத்திரை விழுந்து, இல்லாத பர்ஸ்ட் இருப்பதுபோல் தோன்றும். நெட்வொர்க் கார்டே முத்திரையிட்டால் இந்தச் சிக்கல் வராது. பாக்கெட்டின் உள்ளடக்கமான பேலோடு வேண்டாம், முதல் 96 பைட் போதும். ஆனால் பைட்டுகளைக் கூட்டும்போது பிடித்த நீளத்தை விட்டுவிட்டு மூல நீளத்தை எடுங்கள்.

அடுத்து ஒரு சோதனை. இதை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். 1 மில்லிவினாடியில் கம்பி சுமக்கக்கூடியது 125,000 பைட். 1514 பைட் பாக்கெட் கம்பியில் பிரியாம்பிள், செக்சம், இடைவெளி எல்லாம் சேர்த்து 1538 பைட் இடம் பிடிக்கும். ஆகவே ஒரு திசையில், ஒரு மில்லிவினாடிப் பெட்டிக்குள் (பதிவை வெட்டிய ஒரு மில்லிவினாடித் துண்டு) 81, மிஞ்சினால் 82 முழு பாக்கெட்டுகள்தான் அடங்கும். 110 என்று வந்தால் நேரமுத்திரை பொய் சொல்கிறது. அந்தப் பதிவை வைத்து மாடல் கட்டவே கூடாது.

பதிவு சுத்தமானதும் மில்லிவினாடிப் பெட்டிகளை 10, 100, 1000 எனச் சேர்த்துச் சராசரி எடுத்து, ஒவ்வொரு நிலையிலும் வேரியன்ஸ் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறோம். பாக்கெட்டுகள் ஒன்றையொன்று சாராமல் வரும் பாய்சான் டிராஃபிக் என்றால் 100 பெட்டி சேர்த்ததும் வேரியன்ஸ் நூறில் ஒன்றாகும். ஏற்ற இறக்கம் எவ்வளவு நீடித்துத் தொடர்கிறது என்பதைக் குறிக்கும் ஹர்ஸ்ட் எண் 0.8 என்றால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்குத்தான் இறங்கும். ஈத்தர்நெட் டிராஃபிக் இப்படி நடந்துகொள்வதை பெல்கோர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பதிவுகளை வைத்து லேலண்ட், தக்கு, வில்லிங்கர், வில்சன் நால்வரும் 1993-94இல் காட்டினார்கள். இந்த இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தின் வலது ஓரத்தை, அதாவது பெரிய கால அளவுகளை, மட்டும் நம்பாதீர்கள். ஒரு மணி நேரப் பதிவில் 3.6 மில்லியன் பெட்டிகள் இருந்தாலும், 100 வினாடியாகச் சேர்த்தபின் மிஞ்சுவது வெறும் 36 புள்ளிகள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நாளின் ஏற்ற இறக்கம். லண்டன் அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும்போது சிங்கப்பூரில் மாலை 4 அல்லது 5 மணி. அந்த ஏற்றம் பதிவின் நடுவே விழுந்தால் சாதாரண டிராஃபிக்குக்கும் ஹர்ஸ்ட் எண் 0.9 பக்கம் போய் நிற்கும். சராசரி நிலையாக உள்ள பகுதியை வெட்டி எடுங்கள். ஹர்ஸ்ட் எண்ணைக் கணிக்கும் மற்றொரு வழியான ஆப்ரி-வெய்ட்ச் வேவ்லெட் முறையிலும் கணக்கிட்டு, இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

மாடலுக்கு, அனுப்புவதும் நிற்பதுமாக மாறும் ஆன்-ஆஃப் மூலங்கள் பல சேர்ந்தால் போதும்; அந்த நேரங்களின் நீளம் பரேட்டோ பரவலில் (சில மட்டும் மிக நீளமாக) இருக்க வேண்டும். அந்தப் பரவலின் ஆல்ஃபா 1.4 என்றால் ஹர்ஸ்ட் 0.8. ஆனால் 8 மில்லிவினாடி பஃபர் பற்றிய கேள்விக்கு இந்த எண் பெரிதாக உதவாது என்பது எங்கள் கணிப்பு. அந்தக் கால அளவில் டிசிபி விண்டோவும் (பதில் வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவு), அனுப்பும் சர்வர் பாக்கெட்டுகளைக் கொத்தாகத் தள்ளும் விதமுமே ஆட்சி செய்கின்றன. அதற்கு உண்மைப் பதிவையே ஒரு போலி வரிசைக்குள் ஓட்டி, 256 கிலோபைட், 1 மெகாபைட், 4 மெகாபைட் பஃபர்களில் எத்தனை பாக்கெட் விழுகிறது என்று எண்ணுவதே நேரான வழி. ஹர்ஸ்ட் எண்ணுக்கு வேலை வருவது, இணைப்பின் கொள்ளளவை எத்தனை மடங்கு கூட்டுவது என்று கணக்குப் போடும்போது.